பிடுங்கு ரயில்

செவ்வாய்க்கிழமை கடைசி மரம் கீழே போனது.
புதன் விடிவதற்குள் கம்பெனி சொல்லிவிட்டது,
தண்டவாளத்தைப் பிடுங்குங்கள் என்று.
பழைய இரும்பு டன்னுக்கு எட்டு டாலர்.
கேஸ்கேட் மழையில் கிடந்தால் துரு,
தூக்கினால் காசு.

முப்பத்தோராவது மைலிலிருந்து ஆலையை நோக்கி
ரயில் பின்னோக்கி ஊர்ந்தது,
படுத்து எழுந்தவள் பாயைச் சுருட்டுவதுபோல்
தன் பாதையைத் தானே சுருட்டிக்கொண்டு.
நாங்கள் கிளம்பிய இடத்துக்கு
இனி யாரும் வர முடியாது.
ஒவ்வொரு நாளும் அப்படி ஒரு மைல்.

ஆணி பிடுங்க ஆறு பேர்.
கிரேன் முனகிக்கொண்டே தூக்கித்
தட்டைப் பெட்டியில் போடும்.
விழும் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும்
பள்ளத்தாக்கு முழுக்க மணியடித்தது.
கமேசோ ஆணிகளைப் பார்த்துப் பார்த்து வாளியில் எறிவார்.
அவரே அடித்துக்கொண்டு வந்த பாதை.
கோணலாக ஒன்று வந்தால் மட்டும்
"இது என் கை இல்லை, ஸ்வெர்ரெ அடித்தது" என்பார்.
ஸ்வெர்ரெ போன வருஷமே அலாஸ்கா போய்விட்டான்.

நான் சமையல் பெட்டியில்.
எண்பது பேர் தின்ற இடத்தில் பதினான்கு பேர்.
கை இன்னும் எண்பதுக்கே மாவு அளந்தது.
மிஞ்சியதைக் கரடி தின்றது.
கரடிக்குக் கணக்கு எழுதவில்லை.

இருபத்துநாலாவது மைலில் எங்கள் வீடு இருந்தது.
வீடு என்றால்,
ரயில் சுமந்து வந்து
வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள்மேல் இறக்கிய பெட்டி.
சுற்றிலும் மரம் தீர்ந்ததும் மறுபடி தூக்கும்.
ஐந்து முறை இடம் மாறியும்
ஒரு கோப்பை உடையவில்லை.
சைமா பிறந்தது இருபத்துநாலில்,
நடந்தது இருபத்தேழில்.
உன் ஊர் எது என்று கேட்டால்
எண்தான் சொல்வாள்.

பத்தொன்பதில் அந்த வளைவு.

ஏழு நீளம், இரண்டு குட்டை.
ஆள் அடிபட்டால் விசில் அப்படித்தான் ஊதும்.
முகாமின் அடுப்படிகளில் எல்லோரும்
கரண்டியைப் பிடித்தபடியே எண்ணுவோம்,
ஐந்தில் நிற்காதா, ஆறில் நிற்காதா.
அன்று ஏழு.
ஒரு மூச்சு இடைவெளி.
அப்புறம் இரண்டு.

பிரேக் பிடிக்கத் தவறிய உர்ஹோவின் கவனக்குறைவு
என்று கம்பெனி எழுதியது.
எனக்கு நாற்பது டாலர் கொடுத்தது,
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும்
பித்தளை வில்லைகளாக.
அவனைப் புதைத்த சட்டையையும்
அதில்தான் வாங்கினேன்.

இப்போது அதே வளைவில்
கட்டைகளைப் புரட்டியபோது
ஜல்லிக்குள் கிடந்தது ஒரு பிரேக் கட்டை.
இரும்பு என்று சொல்ல முடியாது,
ரொட்டித் தட்டுபோல் தேய்ந்திருந்தது.
கமேசோ இரண்டு கையாலும் கொண்டுவந்து
மாவு மேஜைமேல் வைத்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்பார்கள்.
ஏறியது,
தண்டவாளத்தைத் தூக்கிய பிறகு.

ஆலைக்கு வந்து சேர்ந்தபோது குளத்தில் மரமில்லை,
வாத்துகள் இருந்தன.
பெரிய ரம்பத்தை யாரோ வாங்கிப்போய்
சுவரில் அதன் வட்டம் மட்டும் எண்ணெய்க் கறையாய்.
கணக்கர் லேத்ரப் எடைப்பாலத்தருகே
பென்சிலோடு நின்றிருந்தார்.
பெட்டி பெட்டியாய் இரும்பு ஏறி இறங்கியது.
கடைசியில் நான் போய்
பிரேக் கட்டையை எடைப்பாலத்தில் வைத்தேன்.

முள் அசையவில்லை.

"இது என்ன அம்மா?"
"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.
அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பென்சில் தாளைத் தொடவில்லை.
எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

மாலை வண்டியில் சைமா கேட்டாள், எங்கே போகிறோம்?
டகோமா என்றேன்.
அது எத்தனையாவது மைல் என்றாள்.